டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டால் கணினி மெதுவாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் தொலைந்தாலும் அதில் இருக்கும் ஃபைல்களை யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க் முழுவதையும் பூட்டி வைப்பதுதான் முழு டிஸ்க் என்கிரிப்ஷன். விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ், மேக்கில் ஃபைல்வால்ட் என்று இதற்குப் பெயர்கள். சின்ன அலுவலகங்களுக்கும் வீட்டுக் கணினிகளுக்கும் இதைச் செய்துகொடுக்கும்போது என்னிடம் முதலில் கேட்கப்படுவது பாதுகாப்பைப் பற்றி அல்ல, வேகத்தைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். மெதுவாகுமா, ஆகாதா?

கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வந்த சாதாரண லேப்டாப்பில், பிரவுசர், ஆஃபீஸ், டேலி, சினிமா, புரோகிராமிங் மாதிரியான வேலைகளில், உங்களால் வித்தியாசத்தை உணர முடியாது. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் தெரியலாம்.

வித்தியாசம் நன்றாகவே தெரியும் இடங்களும் உண்டு. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான தனி வசதி இல்லாத பழைய ப்ராசஸர், மிக வேகமான எஸ்எஸ்டியில் ஓயாமல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் படித்து எழுதும் வேலை, தவறான அமைப்பு என்று அந்த இடங்களை எண்ணிவிடலாம். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியவைதான்.

என்கிரிப்ஷன் எந்த நேரத்தில் வேலை செய்கிறது? கணினி ஓடும் நேரம் முழுவதுமா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும். டிஸ்க்கில் எழுதும்போது தகவல் குறியாக்கப்படுகிறது, டிஸ்க்கிலிருந்து படிக்கும்போது பிரிக்கப்படுகிறது. அவ்வளவுதான். ரேமுக்கு வந்துவிட்ட தகவல் பிரிக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். ஒரு ஃபைலைத் திறந்து மூடி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தால், பெரும்பாலும் அது ரேமில் இருக்கும் பிரதியிலிருந்தே வரும். அப்போது என்கிரிப்ஷனுக்கு எந்த வேலையும் இல்லை. எக்செல் கணக்குப் போடும்போதும், வீடியோ கால் ஓடும்போதும், பிரவுசரில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போதும் டிஸ்க்குக்கு அநேகமாக வேலையே இருக்காது.

இதிலிருந்து வரும் ஒரு நடைமுறை விஷயம்: ரேம் குறைவாக இருந்தால் என்கிரிப்ஷனின் சுமை கூடித் தெரியும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் பிரவுசரில் இருபது டேப் திறந்தால், இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்த ஆரம்பிக்கும். அப்படிப் போய் வரும் ஒவ்வொரு துண்டும் குறியாக்கப்பட்டுப் பிரிக்கப்படும். அங்கே குற்றவாளி ரேம்தான். என்கிரிப்ஷனை எடுத்துவிட்டாலும் அந்தக் கணினி மெதுவாகத்தான் ஓடும்.

இவ்வளவு தகவலையும் குறியாக்குவது ப்ராசஸருக்குப் பெரிய சுமை இல்லையா?

ஒரு காலத்தில் சுமைதான். இன்று பெரும்பாலான டிஸ்க் என்கிரிப்ஷன்கள் பயன்படுத்துவது ஏஇஎஸ் என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கியது. 2001-இல் அமெரிக்க அரசு அதைத் தர நிர்ணயமாக ஏற்றுக்கொண்டது. அதைச் சாதாரணக் கட்டளைகளால் செய்தால், ஒவ்வொரு 16 பைட்டையும் பல சுற்றுகள் கலக்கிப் புரட்டி எடுக்க வேண்டும். 2007-ஐ ஒட்டி விண்டோஸ் விஸ்டாவுடன் பிட்லாக்கர் வந்தபோது இருந்த ப்ராசஸர்கள் அப்படித்தான் செய்தன. 'என்கிரிப்ஷன் என்றால் மெஷின் படுத்துவிடும்' என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது. அன்றைக்கு அது உண்மையும்கூட.

2010-இல் இன்டெல்லின் வெஸ்ட்மியர் வகை ப்ராசஸர்களில் ஏஇஎஸ்-என்ஐ என்ற தனிக் கட்டளைகள் வந்தன. ஏஇஎஸ்ஸின் ஒரு முழுச் சுற்றை ஒரே கட்டளையில் சிலிக்கானே செய்து முடித்துவிடும். 2011-இல் ஏஎம்டியும் புல்டோசர் வகையில் இதைக் கொண்டுவந்தது. மென்பொருளாக மட்டும் செய்தபோது ஒரு கோர் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று) நொடிக்கு நூறு, இருநூறு எம்பி பிரித்தது என்றால், இந்தக் கட்டளைகளுடன் இன்றைய லேப்டாப் கோர் ஒன்று நொடிக்கு 2 ஜிபி அல்லது அதற்கும் மேலே சுலபமாகப் பிரிக்கும்.

என் ப்ராசஸரில் அந்த வசதி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் சிபியு-இசட் என்ற இலவசப் புரோகிராமைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கட்டளைகளின் பட்டியல் இருக்கும். அதில் ஏஇஎஸ் (AES) என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் ப்ராசஸர் விவரத்தின் ஃப்ளாக்ஸ் வரிசையில் அதே மூன்றெழுத்தைத் தேடுங்கள்.

லினக்ஸில் இதைவிட நல்ல வழி, லக்ஸை அமைக்கும் கிரிப்ட்செட்டப் கருவியின் பெஞ்ச்மார்க் கட்டளை. ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் (டிஸ்க்குக்காக ஏஇஎஸ்ஸைப் பயன்படுத்தும் விதம்) வரியில் நொடிக்கு எத்தனை எம்பி என்று காட்டும். அந்தச் சோதனை டிஸ்க்கைத் தொடுவதே இல்லை, ரேமுக்குள்ளேயே நடக்கிறது. ஆகவே அது காட்டுவது உங்கள் ப்ராசஸரின் வேகத்தை மட்டும். அந்த எண் உங்கள் டிஸ்க்கின் வேகத்தைவிட மூன்று, நான்கு மடங்கு இருந்தால் கவலையை விடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள்.

பழைய லேப்டாப் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெல் ஆரம்பத்தில் இந்த வசதியை எல்லா ப்ராசஸருக்கும் தரவில்லை. ஐ5, ஐ7-இல் கொடுத்துவிட்டு, அதே தலைமுறையின் ஐ3-இல் கொடுக்காமல் விட்டது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை லேப்டாப் ஐ3-களில் இது கிடையாது. அந்தக் காலத்துப் பென்டியம், செலரான்களும் அப்படித்தான். ரிச்சி தெருவில் இரண்டாம் கை லேப்டாப் பார்க்கும்போது, இரண்டின் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அந்தத் தலைமுறை ஐ3-ஐ விட்டுவிட்டு ஐ5-ஐ எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஒரு ஃபைலைப் படிக்கும்போது எவ்வளவு நேரம் கூடுகிறது? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். 4 கேபி அளவுள்ள ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். புரோகிராம்கள் டிஸ்க்கிலிருந்து கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னத் துண்டுகளைத்தான்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கில், அந்தத் துண்டு இருக்கும் இடத்துக்கு முள் நகர்ந்து, தட்டு சுழன்று வந்து சேர ஏறத்தாழ 10 மில்லி நொடி. அதாவது 10,000 மைக்ரோ நொடி. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியில் (வேகமான புதிய வகை இணைப்பில் வருவது) அதே வேலைக்கு 50 முதல் 100 மைக்ரோ நொடி. இப்போது பிரிக்கும் வேலை: நொடிக்கு 2 ஜிபி பிரிக்கும் கோர், 4 கேபியைப் பிரிக்க எடுப்பது 2 மைக்ரோ நொடி.

ஹார்டு டிஸ்க்கில் பத்தாயிரத்தோடு இரண்டு சேர்கிறது. எஸ்எஸ்டியில் நூறோடு இரண்டு சேர்கிறது, அல்லது ஐம்பதோடு இரண்டு. கணக்கு இவ்வளவுதான் என்றால் யாரும் புகார் செய்ய வேண்டியதே இல்லை.

பெரிய ஃபைல்களில் கணக்கு வேறு மாதிரி போகும். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் வரும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி தருகிறது. அதை ஒரே கோர் தன் நேரத்தில் கால்வாசியைச் செலவழித்துச் சமாளித்துவிடும். ஆனால் இப்போதைய என்விஎம்இ எஸ்எஸ்டிகள் நொடிக்கு 7 ஜிபி தருகின்றன, ஐந்தாம் தலைமுறை இணைப்பில் வருபவை 14 ஜிபியையே தொடுகின்றன. அந்த வேகத்துக்கு ஒரு கோர் போதாது, பல கோர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். டிஸ்க்குகள் ப்ராசஸரைவிட வேகமாக வளர்ந்துவிட்டன. இந்தக் கேள்வி இப்போது மறுபடி எழுவதற்கு அதுதான் காரணம்.

விண்டோஸ் 11-இல் பிட்லாக்கர் எஸ்எஸ்டியை 45 சதவீதம் மெதுவாக்குகிறது என்று படித்தேன். அது பொய்யா?

பொய் இல்லை. 2023 அக்டோபரில் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ் வெளியிட்ட சோதனை அது. சாம்சங் 990 ப்ரோ எஸ்எஸ்டியில், மென்பொருள் வழியாக ஓடும் பிட்லாக்கரில், 45 சதவீதம் 'வரை' குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த 'வரை' முக்கியம். அது மிக மோசமாக வந்த சோதனையின் எண். எல்லா வேலைக்கும் பொருந்துகிற சராசரி அல்ல. சோதித்த எஸ்எஸ்டியும் அன்றைய மிக வேகமானவற்றில் ஒன்று. டிஸ்க் எவ்வளவு வேகமோ அவ்வளவுக்கு இடையில் நிற்கும் எதுவும் பெரிதாகத் தெரியும்.

ஆனால் முன் கேள்வியில் போட்ட கணக்கு 2 மைக்ரோ நொடி என்றுதானே சொன்னது, 45 எங்கிருந்து வந்தது? என்கிரிப்ஷனால் வரும் இழப்பின் பெரும்பகுதி குறியாக்கும் கணக்கில் இல்லை. தகவல் போகும் வழியில் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து வந்த துண்டு நேராகப் புரோகிராமிடம் போகாமல், என்கிரிப்ஷன் அடுக்கில் நின்று, ஒரு கோரிடம் ஒப்படைக்கப்பட்டு, அது பிரித்த பிறகு மறுபடி மேலே அனுப்பப்படுகிறது. சுங்கச்சாவடியில் பணம் கட்டுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான், வரிசையில் நிற்பதுதான் நேரத்தைத் தின்கிறது. இங்கேயும் அதே கதை. ஒவ்வொரு கைமாற்றமும் சில மைக்ரோ நொடிகள். ஹார்டு டிஸ்க் காலத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. ஐம்பது மைக்ரோ நொடியில் பதில் தரும் எஸ்எஸ்டியில் படுகிறது.

மைக்ரோசாஃப்டும் இதை ஒப்புக்கொள்ளும் வகையில்தான் நடந்துகொள்கிறது. குறியாக்கும் வேலையைப் பொதுவான கோர்களிடமிருந்து எடுத்து, அதற்கென்றே சிப்பில் இருக்கும் தனிப் பகுதியிடம் கொடுக்கும் பிட்லாக்கரை 2025 இறுதியில் அறிவித்தது. அந்தப் பகுதி உள்ள புதிய கணினிகளுக்குத்தான் அது பொருந்தும். இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் மெஷினுக்கு இதனால் எந்த மாற்றமும் வராது.

லினக்ஸில் நிலைமை எப்படி?

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வரிசைதான் பிரச்சினை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் உலகம் முழுக்கத் தன் சர்வர்களின் டிஸ்க்குகளை லக்ஸுக்கு அடியில் குறியாக்கும் வேலையைச் செய்யும் லினக்ஸின் டிஎம்-கிரிப்ட் கொண்டு குறியாக்கி வைத்திருக்கிறது. டிஸ்க் எதிர்பார்த்த வேகத்தில் பதில் தரவில்லை என்று அவர்களுடைய பொறியாளர்கள் தேட ஆரம்பித்தார்கள். உண்மையான டிஸ்க்கின் தாமதம் குறுக்கே வரக் கூடாது என்று ரேமிலேயே ஒரு டிஸ்க்கை உருவாக்கி, அதன் மேல் என்கிரிப்ஷன் போட்டுப் பார்த்தார்கள். வேகம் ஏழில் ஒரு பங்காக விழுந்தது. அதே மெஷினில் ஏஇஎஸ்ஸை மட்டும் தனியாக அளந்தபோது அது மிக வேகமாக ஓடியது. அப்படியானால் நேரம் எங்கே போனது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் நிரலைப் படித்துப் பார்த்தால், டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் வழியில் பல இடங்களில் வரிசையில் போடப்பட்டு, வேறு வேறு கெர்னல் திரெட்டுகளால் (தனித்தனியாக ஓடும் வேலைகளால்) எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த வரிசைகள் பல ஆண்டுகளுக்கு முன்னால் நல்ல காரணத்தோடுதான் சேர்க்கப்பட்டன. அன்றைக்கு டிஸ்க் மெதுவானது, குறியாக்கமும் மெதுவானது. கோரிக்கைகளைச் சேர்த்து, வரிசைப்படுத்தி அனுப்புவது ஹார்டு டிஸ்க்குக்கு நல்லது. எஸ்எஸ்டியும் ஏஇஎஸ் கட்டளையும் வந்த பிறகு அந்த வரிசைகளே சுமையாகிவிட்டன. வரிசை எதுவும் இல்லாமல், கோரிக்கை வந்த இடத்திலேயே உடனே குறியாக்கிவிட்டு அனுப்பும்படி அவர்கள் மாற்றி எழுதினார்கள். 2020-இல் அதைப் பற்றி விரிவாக எழுதவும் செய்தார்கள். அந்த மாற்றம், படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என இரண்டு தெரிவுகளாக, அதே ஆண்டு லினக்ஸ் 5.9 கெர்னலில் எல்லோருக்கும் கிடைத்தது.

கணக்கிடும் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஒரே கட்டளையில் பல ஏஇஎஸ் துண்டுகளைச் சேர்த்துச் செய்யும் புதிய ப்ராசஸர் வசதிகளைப் பயன்படுத்தும் நிரல் 2024-இல் 6.10 கெர்னலில் சேர்ந்தது. உங்களிடம் புதிய ப்ராசஸர் இருந்து, கெர்னல் பழையதாக இருந்தால், கெர்னலைப் புதுப்பிப்பதே போதுமான முன்னேற்றத்தைத் தரலாம்.

லக்ஸ் பயன்படுத்துகிறேன். நானாக எதை மாற்றலாம்?

மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, இப்போது சொன்ன வரிசையைத் தவிர்க்கும் இரண்டு தெரிவுகள். என்விஎம்இ எஸ்எஸ்டியில் ஆன் செய்து அளந்து பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் வேண்டாம், அங்கே வரிசை உதவியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, செக்டர் அளவு. லக்ஸ் 512 பைட் துண்டுகளாகக் குறியாக்கும், அல்லது 4096 பைட் துண்டுகளாக. சின்ன அளவில் 4 கேபிக்கு எட்டு முறை தொடங்கி முடிக்க வேண்டும், பெரிய அளவில் ஒரே முறை. டிஸ்க்கே 4096 என்று சொன்னால் புதிய கிரிப்ட்செட்டப் தானாகவே பெரியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஆனால் பல எஸ்எஸ்டிகள் இன்னும் 512 என்றே சொல்லிக்கொள்கின்றன. எளிய வழி, என்கிரிப்ஷனை உருவாக்கும்போதே 4096-ஐக் குறிப்பிட்டுவிடுவது. உள்ளே தகவல் சேர்ந்த பிறகு மாற்றுவது தலைவலி.

மூன்றாவது, டிரிம். எந்த இடம் காலியாகிவிட்டது என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் செய்தி அது. டிஎம்-கிரிப்ட் இயல்பாக இதைக் கீழே அனுப்பாது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்ற தகவல் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். டிரிம் போகாவிட்டால் எஸ்எஸ்டி எல்லா இடமும் நிரம்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். மாதங்கள் போகப் போக எழுதும் வேகம் குறையும். 'முதலில் நன்றாக இருந்தது, அப்புறம் மெதுவாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் டிரிம்மை அனுமதிப்பதே சரி என்பது என் கருத்து. காலி இடம் எவ்வளவு என்பதுகூட வெளியே தெரியக் கூடாது என்ற அளவுக்கு ஆபத்தில் இருப்பவர்கள் அனுமதிக்காமல் இருக்கலாம்.

எஸ்எஸ்டிக்குள்ளேயே என்கிரிப்ஷன் சிப் இருக்கிறதாமே? அதைப் பயன்படுத்தினால் வேகம் குறையாதே?

குறையாதுதான். ஆனால் அதை நம்பலாமா என்பதே கேள்வி. 2018 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் குருஷியல், சாம்சங் எஸ்எஸ்டிகள் சிலவற்றைப் பிரித்து ஆராய்ந்தார்கள். சில மாடல்களில் நாம் கொடுக்கும் பாஸ்வேர்டுக்கும் உள்ளே இருக்கும் குறியாக்கச் சாவிக்கும் தொடர்பே இல்லை. உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றினால் பாஸ்வேர்டு இல்லாமலே தகவல் திறந்துகொண்டது. அன்றைய பிட்லாக்கர், எஸ்எஸ்டி தனக்கு என்கிரிப்ஷன் தெரியும் என்று சொன்னால் வேலையை அதனிடமே விட்டுவிடும். ஆகவே பிட்லாக்கர் ஆன் என்று காட்டிய கணினிகளும் இதில் மாட்டின.

2019 செப்டம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. புதிதாகக் குறியாக்கும் டிஸ்க்குகளில் மென்பொருள் முறைதான் இயல்பு. ஏற்கெனவே எஸ்எஸ்டியை நம்பிக் குறியாக்கியவை அப்படியேதான் இருக்கும், ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். சில சதவீத வேகத்துக்காக எஸ்எஸ்டி நிறுவனத்தின் உள் மென்பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப நான் தயாராக இல்லை.

சாவியின் நீளம் 128 பிட்டா, 256 பிட்டா?

128-இல் ஏஇஎஸ் 10 சுற்று, 256-இல் 14 சுற்று. வேலை கூடுதல்தான், ஆனால் மேலே சொன்னபடி கணக்கு மொத்த நேரத்தில் சின்னப் பகுதி. பிட்லாக்கரின் இயல்பான 128 போதுமானது. அலுவலக விதி 256 கேட்டால் அதையே போடுங்கள். லினக்ஸில் 512 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், எக்ஸ்டிஎஸ் முறைக்கு இரண்டு சாவி தேவை என்பதால் 256-உம் 256-உம் சேர்ந்து அப்படிக் காட்டுகிறது.

பூட் ஆவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கிறதே?

லக்ஸில் பாஸ்வேர்டு அடித்த பிறகு இரண்டு நொடி காத்திருக்க வைப்பது வேண்டுமென்றே செய்யப்பட்டது. பாஸ்வேர்டிலிருந்து சாவியை எடுக்கும் வேலையை, ஆர்கான்2 என்ற முறையில், நேரமும் ரேமும் தின்னும்படி கடினமாக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு முறை இரண்டு நொடி. பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்கும் திருடனுக்கு ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே செலவு.

அந்த இரண்டு நொடி, என்கிரிப்ஷனை உருவாக்கிய மெஷினின் வேகத்தை வைத்து அளக்கப்பட்டது. வேகமான கணினியில் உருவாக்கிய டிஸ்க்கைப் பழைய கணினியில் மாட்டினால் அதிக நேரம் எடுக்கும். பூட் பகுதியையும் சேர்த்துக் குறியாக்கி, லினக்ஸைத் தொடக்கி வைக்கும் கிரப் பூட்லோடரிடமே பாஸ்வேர்டு கொடுக்கும் அமைப்பில் பத்து, இருபது நொடிகூட ஆகலாம். பழைய கிரப் பதிப்புகளுக்கு ப்ராசஸரின் வேகக் கட்டளைகளைப் பயன்படுத்தத் தெரியாது. பூட் பகுதியைத் தனியாக வைத்தால் இந்தக் காத்திருப்பு போய்விடும்.

வெராகிரிப்ட் என்ற இலவச என்கிரிப்ஷன் புரோகிராமிலும் இதே காரணத்தால் தொடக்கத்தில் தாமதம் இருக்கும். வெராகிரிப்ட்டில் ஏஇஎஸ், டூஃபிஷ், சர்ப்பென்ட் என்ற மூன்று குறியாக்க முறைகளையும் அடுக்கிப் போடும் தெரிவைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். கடைசி இரண்டுக்கும் ப்ராசஸரில் தனிக் கட்டளை இல்லை, அங்கேதான் வேகம் உண்மையிலேயே சரியும்.

மேக் வைத்திருக்கிறேன். ஃபைல்வால்ட் ஆன் செய்யலாமா?

யோசிக்காமல் செய்யுங்கள். ஆப்பிளின் டி2 பாதுகாப்பு சிப் உள்ள இன்டெல் மேக்குகளிலும், 2020 முதல் வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளிலும் எஸ்எஸ்டி எப்போதுமே குறியாக்கப்பட்டுத்தான் இருக்கிறது. டிஸ்க்குக்கும் ரேமுக்கும் நடுவே போகிற பாதையிலேயே ஏஇஎஸ் எஞ்சின் இருக்கிறது. ஃபைல்வால்ட் ஆன் செய்தால் சாவி உங்கள் பாஸ்வேர்டோடு பிணைக்கப்படுகிறது, வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

ஏஇஎஸ் வசதி இல்லாத கணினியில் என்ன செய்வது?

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி நல்ல உதாரணம். அதன் சிப்பில் ஏஇஎஸ் கட்டளைகள் சேர்க்கப்படவில்லை. எஸ்எஸ்டி மாட்டி லக்ஸ் போட்டால், டிஸ்க் எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஏஇஎஸ் நொடிக்கு 100 எம்பி அளவில்தான் ஓடும். 2023-இல் வந்த பை 5-இல் கட்டளைகள் வந்துவிட்டன, வேகம் 1 ஜிபியைத் தாண்டுகிறது.

இந்த மாதிரி மெஷின்களுக்காகவே அடியாண்டம் என்ற முறை இருக்கிறது. அதன் பின்னணி போன்களில் இருக்கிறது. 2014-இல் கூகுள் நெக்சஸ் 6 போனை என்கிரிப்ஷன் ஆன் ஆன நிலையிலேயே விற்றது. சேமிப்பக வேகம் வெகுவாக அடிபட்டது. எல்லாப் புதிய போன்களிலும் இயல்பாக என்கிரிப்ஷன் என்ற அறிவிப்பிலிருந்து கூகுள் அப்போதைக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பிறகு ஆண்ட்ராய்டு 6-இல், ஏஇஎஸ் நொடிக்கு 50 எம்பிக்கு மேல் ஓடும் போன்களுக்கு மட்டும் கட்டாயம் என்று வைத்தார்கள். அப்படியானால் விலை குறைந்த போன் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாதா? இந்த இடைவெளியை நிரப்பத்தான் கூகுள் ஆய்வாளர்கள் அடியாண்டத்தை உருவாக்கி 2019-இல் அறிமுகம் செய்தார்கள். கார்டெக்ஸ்-ஏ7 மாதிரியான எளிய சிப்பில் ஏஇஎஸ்ஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகம். லினக்ஸ் கெர்னலில் 5.0 முதல் இருக்கிறது, லக்ஸிலும் தேர்ந்தெடுக்கலாம். ஏஇஎஸ் கட்டளை உள்ள கணினியில் இதற்குத் தேவையில்லை.

முதல் முறை ஆன் செய்தபோது கணினி நகரவே இல்லை. எப்போதும் இப்படித்தானா?

இல்லை. ஏற்கெனவே இருக்கும் தகவல் முழுவதையும் படித்து, குறியாக்கி, திரும்ப எழுதும் ஒரு முறை வேலை அது. பெரிய ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம் ஓடும். மாலையில் வேலை முடிந்ததும் ஆரம்பித்து, சார்ஜரில் போட்டுவிட்டுப் போங்கள். புதிய கணினியென்றால் பிட்லாக்கர் கேட்கும்போது 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் முடியும். நாள்பட்ட டிஸ்க்கில் அதைச் செய்யாதீர்கள், அழித்த ஃபைல்களின் எச்சம் குறியாக்கப்படாமல் கிடக்கும். ஆரம்பிக்கும் முன் பேக்கப் அவசியம்.

பேட்டரி, எஸ்எஸ்டியின் ஆயுள், கேம்?

டிஸ்க் சும்மா இருக்கும்போது என்கிரிப்ஷனும் சும்மா இருப்பதால் பேட்டரியில் வித்தியாசம் பார்ப்பது கடினம்.

4 கேபி எழுதினால் குறியாக்கிய பிறகும் 4 கேபிதான், ஆகவே எஸ்எஸ்டியின் தேய்மானம் கூடாது. விதிவிலக்கு, 2010-ஐ ஒட்டி வந்த சாண்ட்ஃபோர்ஸ் கண்ட்ரோலர் உள்ள எஸ்எஸ்டிகள். அவை தகவலைச் சுருக்கி எழுதி வேகம் காட்டின. குறியாக்கிய தகவலைச் சுருக்கவே முடியாது என்பதால் அங்கே வேகமும் போனது, தேய்மானமும் கூடியது.

கேமில் ஃபிரேம் வேகம் கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தது. புதிய கட்டம் லோடாகும் நேரம் கொஞ்சம் கூடலாம்.

உண்மையிலேயே யார் கவலைப்பட வேண்டும்?

சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் டிஸ்க்கில் பதிந்ததா என்று உறுதி கேட்டுக் கேட்டு எழுதும் டேட்டாபேஸ் சர்வர் நடத்துபவர்கள். சுருக்கப்படாத வீடியோவை நொடிக்குப் பல ஜிபி வேகத்தில் எடிட் செய்பவர்கள். வர்ச்சுவல் மெஷின்களை நிறைய ஓட்டுபவர்கள்: வெளியே கணினியிலும் என்கிரிப்ஷன், உள்ளே வர்ச்சுவல் மெஷினிலும் என்கிரிப்ஷன் என்றால் ஒரே தகவல் இரண்டு முறை குறியாக்கப்படுகிறது. ஒன்றே போதும். இவர்கள்கூட என்கிரிப்ஷனை விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அளந்து பார்த்து, அதற்கேற்ற ப்ராசஸரையும் அமைப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புது லேப்டாப்பில் நான் கேட்காமலேயே ஆன் ஆகியிருக்கிறது. வேகத்துக்காக ஆஃப் செய்துவிடலாமா?

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கும் கணினிகளில், ஹோம் பதிப்பில்கூட, சாதன என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிறது. ஆஃப் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆதார் நகல், வங்கி அறிக்கை, வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் உள்ள லேப்டாப்பைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கச் சில நிமிடம் போதும்.

ஆனால் இன்றைக்கே ஒரு வேலையைச் செய்யுங்கள். 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். மதர்போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ அது கேட்கப்படலாம். சாவி இல்லாவிட்டால் எந்த சர்வீஸ் சென்டராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

எல்லாம் சரி, ஆனால் ஆன் செய்த பிறகு என் கணினி நிஜமாகவே மெதுவாகிவிட்டது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

முதலில், குறியாக்கும் வேலை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் பிட்லாக்கரின் நிலையைக் காட்டும் கட்டளை எத்தனை சதவீதம் முடிந்தது, எந்த முறை என்று இரண்டையும் சொல்லும்.

அடுத்து, மெதுவாக இருக்கும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பிட்லாக்கர் கெர்னலுக்குள் ஓடுவதால் அதன் சுமை 'சிஸ்டம்' என்ற வரியில் தெரியும். லினக்ஸில் கேகிரிப்ட்டி என்று தொடங்கும் திரெட்டுகளைத் தேடுங்கள். அந்த வரி மேலே ஏறவில்லை, ஆன்டிவைரஸோ விண்டோஸ் அப்டேட்டோதான் மேலே நிற்கிறது என்றால், உங்கள் பிரச்சினை வேறு. அந்த வரியே மேலே நின்றால் ப்ராசஸரில் ஏஇஎஸ் இருக்கிறதா, சில கணினிகளில் பயாஸிலேயே அதை ஆஃப் செய்ய முடியும் என்பதால் அங்கே ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ப்ராசஸர் நிறைய சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டுகிறது, அது ஹார்டு டிஸ்க் என்றால், என்கிரிப்ஷனைத் தொடாமல் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். எஸ்எஸ்டிதான் என்றால் டிரிம் போகிறதா, டிஸ்க்கில் பத்து, பதினைந்து சதவீதமாவது காலி இடம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் சந்தேகம் தீரவில்லையா? நீங்கள் அன்றாடம் செய்யும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். டேலியில் ஆண்டுக் கணக்கைத் திறப்பது, பெரிய புராஜெக்டை பில்டு செய்வது மாதிரி. கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ரேமில் பழைய பிரதி இல்லாத நிலையில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்கிரிப்ஷன் இல்லாமல் அதையே செய்து பாருங்கள். பிட்லாக்கரில் 'இடைநிறுத்தம்' என்பதை அழுத்திவிட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. அது சாவியை மட்டும்தான் திறந்து வைக்கிறது, குறியாக்கமும் பிரித்தலும் அப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கும். சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் முழுவதும் ஆஃப் செய்து, டிஸ்க் பிரிந்து முடியும் வரை காத்திருந்து, அதன் பிறகு அளக்க வேண்டும்.